கடைசிப் பொடியனின் வேலை



திருகோணமலையில் எந்தக் கராஜை எடுத்தாலும், புதிதாகச் சேர்ந்த பொடியனுக்கு முதலில் கிடைப்பது இரண்டு வேலைகள். ஒன்று தேத்தண்ணீர் வாங்கி வருவது, மற்றது ஒயில் மாற்றுவது. கியர் பெட்டியைத் திறக்கப் பாஸ் வருவார். பிரேக்குக்குக் கைபழகிய அண்ணன் ஒருவர் வருவார். வண்டிக்கு அடியில் படுத்து, சூடான கறுப்பு ஒயில் முழங்கை வரை வழிய டிரெயின் பிளக்கைக் கழற்றுவது மட்டும் கடைசியாக வந்தவனின் தலையில் விழும். அனுராதபுரச் சந்தியிலிருந்து சீனக்குடா வரை இதுதான் நடைமுறை.

இது தலைகீழான நடைமுறை. பிரேக்கில் விட்ட பிழை பெரும்பாலும் வண்டி கராஜ் வாசலைத் தாண்டும்போதே காலுக்குத் தெரிந்துவிடும். ஒயிலில் விட்ட பிழை கந்தளாய் தாண்டி, ஹபரணைக் காட்டுக்குள், இரவு பத்து மணிக்குத் தெரியும். சில பிழைகள் ஆறு மாதம் கழித்து வெளியே வரும். அதற்குள் யார் செய்த வேலை என்பதே மறந்து போயிருக்கும். ஆக, அதிக நாள் ஒளிந்திருக்கக்கூடிய பிழைக்கு இடம் தரும் வேலையைத்தான் ஆகக் குறைந்த அனுபவம் உள்ளவனிடம் தள்ளிவிடுகிறார்கள். இப்போது அந்த ஆள் நீ.

ஒயிலுக்குப் புதிய ஊரில்லை இது. பிரித்தானியக் கடற்படைக்காக இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய பெருந்தாங்கிகள் 99 இன்னும் சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு விமானம் அங்கிருந்த ஒரு தாங்கியின் மேலேயே வந்து விழ, அது நாட்கணக்கில் எரிந்தது. 2022 ஜனவரியில் தாங்கிகளைப் பங்கிடும் ஒப்பந்தம் கையெழுத்தானபோது தேத்தண்ணீர்க் கடை எங்கும் அதே கதை. ஆண்டுக்கு 18,000 தொன் கலக்கக்கூடிய லங்கா ஐஓசியின் ஒயில் கலப்பு ஆலையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. தாங்கிகளைப் பற்றி இவ்வளவு கதைக்கும் ஊரில், ஒரு காருக்குள் ஊற்றும் நாலு லீற்றரைப் பற்றிக் கதைப்பார் இல்லை.

கதைக்க வேண்டிய காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இந்த நாடு பழைய விட்ஸையும் அக்சியோவையும் வேகன் ஆரையும் வைத்துத்தான் ஓடியது. இன்றும் பெரும்பாலும் அவைதான் ஓடுகின்றன. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதிய வண்டி வாங்குவது சாதாரணச் சம்பளக்காரனின் கணக்குக்குள் வருவதில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் ஆசிரியருக்கோ நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வான்காரருக்கோ இஞ்சின் பிடித்துவிட்டால் அது ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு. அந்த இஞ்சினின் ஆயுளைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் உன் அரைமணி நேர வேலைதான்.

படித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள் இந்த வேலையில் பிழை விடுவதில்லை என்று நினைக்காதே. ஹொண்டா சிஆர்வி 2003, 2004 மொடல் வண்டிகள் அமெரிக்காவில் தீப்பிடிக்கத் தொடங்கின. இருபதுக்கும் மேற்பட்ட சம்பவங்கள். புத்தம் புதிய வண்டிகள், முதலாவது ஒயில் மாற்றம் முடிந்து வெளியே வந்த சில நாட்களுக்குள் எரிந்தன. அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்தது. கண்டுபிடித்த காரணம் மிகச் சிறியது. பழைய பில்ற்றரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டது. அதைப் பார்க்காமல் புதிய பில்ற்றரை அதன் மேலேயே பூட்டினார்கள். இரட்டை ரப்பர் அழுத்தம் தாங்காமல் பிதுங்க, ஒயில் பீறிட்டுச் சூடான புகைக்குழாயில் கொட்டியது. ஹொண்டாவின் சொந்த விற்பனை நிலையங்களில் செய்த வேலைகளும் அதில் இருந்தன.

அந்த ரப்பர் வளையத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். புதிதாக இருக்கும்போது அது மெதுமெதுவென்று உருண்டையாக இருக்கும். ஐயாயிரம் கிலோமீற்றர் சூட்டில் கிடந்தபின் தட்டையாகி, விறைத்து, இஞ்சினின் உலோகத்தோடு ஒட்டிவிடும். ஒயில் பூசிய கறுப்பு இடத்தில் கறுப்பு வளையம். கீழே படுத்துக்கொண்டு டோர்ச் அடித்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே கண்ணை நம்பாதே. கழற்றிய பழைய பில்ற்றரைத் திருப்பிப் பார்த்து, வளையம் அதிலேயே இருக்கிறதா என்று உறுதி செய். பிறகு துணியால் இருக்கையைத் துடைத்து, விரலை ஒரு முழுச் சுற்றுத் தடவு. புதிய பில்ற்றரின் ரப்பரில் ஒரு சொட்டு ஒயில் பூசி, கையால் தொடும் வரை திருப்பு, அதற்கு மேல் முக்கால் சுற்று. இது பில்ற்றர் பெட்டியிலேயே படமாக அச்சடித்திருக்கிறது. பெட்டியைப் பிரித்தவுடன் குப்பையில் எறிவதால் அதை யாரும் படிப்பதில்லை.

டிரெயின் பிளக்கில் நடக்கும் அநியாயம் வேறு வகை. அங்கே மறதியை விட வீரம்தான் அதிகம். அக்சியோ, அக்குவா வண்டிகளில் பரவலாக வரும் 1என்இசட் குடும்ப இஞ்சினுக்கு டொயோட்டா சொல்லும் இறுக்கம் 37 நியூட்டன் மீற்றர். கால் மீற்றர் நீளமான ஸ்பானரின் நுனியில் பதினைந்து கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ, அவ்வளவுதான். ஆனால் இங்கே ஸ்பானரில் இரும்புக் குழாய் செருகி, காலால் மிதித்து இறுக்குகிறார்கள். சம்ப் அலுமினியமாக இருந்தால் ஒருமுறை, இருமுறை தாங்கும். மூன்றாம் முறை மரை அழிந்து பிளக் சும்மா சுற்றும். அப்புறம் டேப் சுற்றுவது, பசை வைப்பது, பெரிய மரை வெட்டுவது என்று அந்த வண்டி வாழ்நாள் நோயாளி ஆகிவிடும். ஒழுகியது பிளக் தளர்ந்ததாலா, வாசர் பழசானதாலா என்று பார்ப்பதில்லை. ஒழுகினால் இன்னும் இறுக்கு என்பதே எல்லா நோய்க்கும் மருந்து. புதிய வாசரின் விலை ஒரு வடைக்கும் தேத்தண்ணீருக்கும் கொடுப்பதைத் தாண்டாது. டோர்க் ஸ்பானர் வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் கேள். தராவிட்டால், முதல் சில மாதச் சம்பளத்தில் நீயே ஒன்று வாங்கு. இந்தத் தொழிலில் உனக்கென்று வைத்துக்கொள்ள அதைவிடப் பயனுள்ள ஆயுதம் இல்லை.

வேறு பிளக்கைக் கழற்றும் பிழையும் உண்டு. கியர் பெட்டியின் பிளக்கைத் திறந்து அதன் ஒயிலை வடித்துவிட்டு, இஞ்சினில் பழைய ஒயிலுக்கு மேலேயே புதிதை ஊற்றுவது. ஒரே வேலையில் இரண்டு அழிவு: கியர் காய்கிறது, இஞ்சினில் ஒயில் இரட்டிப்பாகிறது. அளவுக்கு மேல் நிறைந்த ஒயிலைச் சுழலும் தண்டு அடித்து நுரையாக்கும். நுரைக்கு உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து வைக்கும் பலம் கிடையாது. வடிந்தது கறுப்பாக இல்லாமல் சிவப்பாகவோ தேன் நிறத்திலோ இருந்தால் கையை நிறுத்து.

இனி ஒயிலின் தடிப்பு. எங்கள் ஊர் சூட்டுக்கு மெல்லிய ஒயில் நிற்காது, இருபது ஐம்பதே ஊற்று என்று சொல்லும் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை பிடிக்காதே. ஆனால் விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள். மெல்லிய ஒயிலான 0டபிள்யூ-20 என்பதில் பின்னால் வரும் 20, ஒயில் 100 பாகைச் சூட்டில் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. வெளியே டோக்கியோக் குளிரோ திருகோணமலைச் சித்திரை வெயிலோ, தேர்மோஸ்டட் வேலை செய்யும் வண்டியில் இஞ்சின் ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் ஓடும். ஹைபிரிட் வண்டியில் பெட்ரோல் இஞ்சின் ஒரு பயணத்துக்குள்ளேயே பலமுறை நின்று நின்று எழும்பும். ஒவ்வொரு முறையும் ஒயில் உடனே மேலே ஏற வேண்டும். தேய்ந்து ஒயில் குடிக்கும் கிழட்டு இஞ்சினுக்குத் தடித்த ஒயில் ஓரளவு கைகொடுப்பது உண்மைதான். அந்த வைத்தியத்தை அக்குவா போன்ற ஹைபிரிட்டுக்குச் செய்வது தவறு. வண்டியின் கையேடு ஜப்பான் மொழியில் இருந்தால், ஒயில் ஊற்றும் மூடியிலேயே பெரும்பாலும் எண் பொறித்திருக்கும். மூடியைத் திறக்கும் முன் அதைப் படி.

இவ்வளவும் தெரிந்தவர்களும் ஏன் தவறுகிறார்கள்? இதற்கு ஆகச் சிறந்த பாடம் கராஜிலிருந்து வரவில்லை, விமானத்திலிருந்து வந்தது. 1983 மே 5ஆம் திகதி ஈஸ்டர்ன் எயார்லைன்ஸின் 855ஆம் இலக்க விமானம் மியாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குப் புறப்பட்டது. லொக்கீட் ட்ரைஸ்டார், எங்கள் எயார் லங்காவும் அந்தக் காலத்தில் ஓட்டிய அதே ரகம். மூன்று இஞ்சின்கள், 172 பேர். நசாவை நெருங்கும்போது நடு இஞ்சினின் ஒயில் அழுத்தம் விழுந்தது. அதை நிறுத்திவிட்டு விமானிகள் மியாமிக்குத் திரும்பினார்கள். பிறகு மற்ற இரண்டின் முள்ளும் பூச்சியத்துக்கு வந்தன. மூன்று இஞ்சினிலும் ஒரே நேரத்தில் ஒயில் தீர்வது நடக்காத காரியம், கருவிதான் பழுது என்று அவர்கள் எண்ணினார்கள். இஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில் முதலில் நிறுத்திய இஞ்சினை எப்படியோ மறுபடி உயிர்ப்பித்து, அந்த ஒன்றோடு மியாமியில் இறங்கினார்கள். ஒருவருக்கும் உயிராபத்து இல்லை.

நடந்தது இதுதான். ஒயிலில் உலோகத் துகள் சேர்கிறதா என்று பார்க்கும் சிறிய அடைப்பானை முதல் நாள் இரவு மூன்று இஞ்சினிலும் மாற்றினார்கள். வழக்கமாக அந்த அடைப்பான் மேற்பார்வையாளரின் அலுமாரியிலிருந்து ஓ-ரிங் பூட்டிய நிலையிலேயே வரும். அன்று அலுமாரியில் இல்லை, களஞ்சியத்திலிருந்து வந்தது, ஓ-ரிங் இல்லாமல். எப்போதும் இருப்பது இன்றும் இருக்கும் என்ற நினைப்பில் அப்படியே பூட்டிவிட்டார்கள். வேலை அட்டையில் ஓ-ரிங் போட வேண்டும் என்று எழுதியிருந்தது, கையொப்பமும் விழுந்தது. பூட்டியபின் இஞ்சினைச் சுற்றிக் கசிவு பார்த்ததும் போதிய நேரம் பார்க்கவில்லை. அந்த மெக்கானிக்குகள் அதே வேலையை முன்பு பலமுறை சரியாகச் செய்தவர்கள். பலமுறை செய்ததே அவர்களுக்குக் கண்ணை மறைத்தது.

உனக்கும் ஆபத்து வருவது தெரியாத முதல் மாதத்தில் அல்ல, கை பழகிய ஆறாம் மாதத்தில். அதுவும் பெரும்பாலும் இடையூறு வழியாக வரும். பிளக்கைக் கையால் முடுக்கியிருப்பாய். ஸ்பானரை எடுக்கும் நேரம் முதலாளி கூப்பிடுவார், அல்லது தொலைபேசி அடிக்கும். திரும்பி வரும்போது இறுக்கியாயிற்று என்று மனம் சொல்லும். பாதியில் எழும்ப நேர்ந்தால் ஸ்பானரை ஓட்டுநர் இருக்கையின் மேல் வைத்துவிட்டுப் போ. இறுக்கி முடிக்காமல் யாரும் வண்டியை எடுக்க முடியாது. முடித்தபின் இஞ்சினை இயக்கி, சிவப்பு ஒயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்து, சில நிமிடம் ஓடவிட்டுக் கீழே குனிந்து பார். நிறுத்தி, ஒயில் இறங்கியபின் குச்சியை எடுத்து வண்டிக்காரரிடமே காட்டு.

காட்டுவது முக்கியம். 2006இல் லொஸ் ஏஞ்சலிஸ் தொலைக்காட்சி நிலையமான கேஎன்பிசி மறைகமெராவோடு வண்டிகளை ஒரு பெரிய ஒயில் மாற்றும் நிறுவனத்தின் ஒன்பது கிளைகளுக்கு அனுப்பியது. ஐந்து கிளைகளில் செய்யாத வேலைக்குக் காசு வாங்கியிருந்தார்கள். வண்டிக்காரருக்குக் கீழே நடப்பது தெரியாது, அதனால் அவர் சந்தேகப்படுவது நியாயம். பழைய பில்ற்றரை ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடு. காலியான ஒயில் கலனைக் காட்டு. பற்றுச்சீட்டில் ஒயிலின் பெயரும் எண்ணும் எழுதச் சொல். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணை அவர் தேடிப் போக வேண்டிய தேவை வராது.

வடித்த ஒயில் எங்கே போகிறது என்பதும் உன் வேலையின் பகுதி. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி ஒரு கலன் கழிவு ஒயில் பத்து லட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கும். ஒரு அமெரிக்கக் கலன் 3.8 லீற்றர், அக்சியோ ஒன்றிலிருந்து ஏறத்தாழ அவ்வளவுதான் வடியும். உள்துறைமுகம் மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்தது. கானில் ஊற்றினால் திறந்த கடல் அடித்துக்கொண்டு போகும் என்று ஆறுதல் படவும் வழியில்லை. சேர்விஸ் நிலையத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. பீப்பாயில் சேர்த்து, எடுத்துச் செல்ல அனுமதி உள்ளவரிடம் கொடுக்கச் சொல். பலகைக்குப் பூசவும் மரத்தில் கறையானுக்கு அடிக்கவும் கேட்டு வருபவர்களுக்கு இல்லை என்று சொல்லப் பழகு.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் ஒரு வண்டி ஒழுகிக்கொண்டு திரும்பி வரும். வண்டிக்காரர் கோபமாகத்தான் இருப்பார். முதல் வாயிலேயே "அண்ணை, இஞ்சினை இயக்காதேங்கோ, அப்படியே நிக்கட்டும்" என்று சொல்லு. அழுத்தம் இல்லாமல் ஓடிய ஒவ்வொரு நிமிடமும் பெயரிங்கைத் தின்னும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவர் முன்னாலேயே அளந்து எழுது. பிழை உன்னுடையது என்றால் ஒயிலும் பில்ற்றரும் கராஜின் செலவு என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வைத்திரு. சம்பவம் நடந்தபின் பேசப் போனால் அது உன் சம்பளத்தில்தான் முடியும்.

கடைசியாக ஸ்டிக்கர். அடுத்த சேர்விஸ் கிலோமீற்றரை மட்டும் எழுதிக் கதவோரம் ஒட்டும் வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதில் ஒயிலின் எண்ணையும், மாற்றிய திகதியையும், உன் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுது. அது எதற்கு என்று பாஸ் கேட்டால், அந்த வண்டி திரும்பி வரும்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிவதற்கு என்று சொல்லு.