நடுகல்லும் நினைவுக்கல்லும்

போரில் உயிர் நீத்த வீரனுக்குக் கல் நட்டுச் சிறப்புச் செய்தல் தமிழரின் தொன்மையான வழக்கமாகும். தொல்காப்பியம் இவ்வழக்கத்தை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. தக்க கல்லைக் காணுதல், அதனைக் கொள்ளுதல், நீராட்டுதல், நடுதல், சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன அவை. எழுத்துப் பொறித்த நடுகற்கள் வீரனின் பெயரையும் செயலையும் பின் வருவோர்க்கு எடுத்துரைக்கும்.

மதுரைச் சமவெளியில், திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் டி. கல்லுப்பட்டி. அதற்கு வடமேற்கே, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் பழந்தமிழ் எழுத்துடைய நடுகற்கள் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன. அவை 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. அவனைப் பற்றி வேறு செய்தி ஒன்றும் கிடைத்திலது. ஆயினும், அக்கல்லால் அவன் பெயர் இன்றும் நிலைத்து நிற்கின்றது.

இந்திய நாட்டுச் சிற்றூர்களில் வேறு வகை நினைவுக்கற்களும் உள்ளன. அவை 1914ஆம் ஆண்டில் மூண்ட முதல் உலகப் போரைச் சார்ந்தவை. இவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றோர் இத்தனை பேர், அவருள் உயிர் ஈந்தோர் இத்தனை பேர் என்னும் அளவிலேயே அவற்றுள் பலவற்றின் வாசகம் நின்றுவிடுகின்றது. சென்றவர் யாவர், எந்தக் களத்தில் வீழ்ந்தனர் என்பன அவற்றால் அறியப்படுவதில்லை.

அப்போரில் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். ஏறத்தாழ 74,000 பேர் உயிர் துறந்தனர். பிரான்சு நாட்டின் குளிரிலும் மெசபத்தேமியாவின் வெயிலிலும் அவர்கள் போரிட்டனர். சென்னை மாகாணத்தவர் பலர் பணியாற்றிய சென்னைச் சுரங்கப் படை, மெசபத்தேமியாவில் சாலையும் பாலமும் அமைத்துச் சேனைக்கு வழி வகுத்தது. வானம் பார்த்த நிலத்தில் ஏர் பிடித்த குடியினர்க்குப் படைச் சம்பளம் குடும்பத்தைக் காக்கும் துணையாகவும் அமைந்தது.

வீழ்ந்தோர் யாவரும் ஒரே வகையில் நினைக்கப்படவில்லை. பிரான்சிலுள்ள நெவ்சப்பேல் நினைவிடம் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கல்லறை அறியப்படாத இந்தியர் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டன. ஈராக்கில் 1929ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பசுரா நினைவிடத்திலோ, இந்திய அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. ஏனைய இந்திய வீரர் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையால் குறிக்கப்பட்டனர். பொதுநல நாடுகளின் போர்க் கல்லறை ஆணையம் இத்தகைய வேற்றுமையை ஆராய்ந்து, 2021ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கோரியது.

எண் என்பது இழப்பின் அளவைக் காட்டும். இழந்தது யாரை என்பதைக் காட்டாது. ஆறு பேர் மாண்டனர் என ஒரு கல் கூறுமாயின், கணக்கு நிறைவுறும். ஆனால், அந்த அறுவரும் ஆறு இல்லங்களின் மைந்தர்கள். வருவார் எனக் காத்திருந்த தாய்க்கும் மனைவிக்கும் மகவுக்கும் அவ்வெண் ஆறுதல் தந்திராது.

வீழ்ந்தோரை நினைத்தல் போரைப் போற்றுதல் ஆகாது. டி. கல்லுப்பட்டியில் 1940ஆம் ஆண்டு காந்திநிகேதன் ஆசிரமம் தோன்றியது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதிக்காலத்தில் அங்கு வாழ்ந்தார். பொருளாசையும் சந்தைப் போட்டியும் போருக்கு வித்தாகும் என்பது அவர்தம் கொள்கை. சிற்றூரார் தம் தேவையைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளும் வாழ்வே அமைதிக்கு அடிப்படை என அவர் கருதினார். போரினால் விளைந்த இழப்பை உணர்ந்தோரே அமைதியின் அருமையை நன்கு அறிவர்.

கல்லில் இல்லாத பெயர்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அப்போரில் பணியாற்றியோர்க்கு வழங்கப்பட்ட பதக்கங்களின் விளிம்பில் வீரனின் பெயரும் படை எண்ணும் பிரிவும் பொறிக்கப்பட்டன. பழம்பெட்டிகளில் உறங்கும் அத்தகைய பதக்கங்களையும் ஓய்வூதியத் தாள்களையும் தேடி, முதியோர் சொல்லும் செய்திகளைக் கேட்டு எழுதி வைத்தல் இளைஞர் கடன். ஆநிரை மீட்கச் சென்றவனுக்கும் பெயர் பொறித்துக் கல் நட்ட மண் இது. தொலைவிலுள்ள களங்களில் வீழ்ந்தவர்களும் தம் ஊரில் தம் பெயராலேயே அறியப்படுதல் வேண்டும்.