எத்தனை நிமிஷத்தில் கட் ஆனது?



எழுத்து மட்டுமே தெரியும் மின்னஞ்சல் நிரல்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 1989-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பைன் தொடங்கப்பட்டது. அதன் வாரிசான ஆல்பைன் 2007-ல் வந்தது. மைக்கேல் எல்கின்ஸ் 1995-ல் எழுதியது மட். இவற்றில் மவுஸ் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், டேட்டாவும் கொஞ்சம்தான் செலவாகும். நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் பயன்படுத்துகிற எல்லாரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு. “சர்வர் சும்மா சும்மா கட் ஆகுதுப்பா!” உடனே ஒருவர் பாஸ்வேர்டை மாற்றுவார். இன்னொருவர் நிரலையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார். பதறிய காரியம் சிதறும் என்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை.

என் அப்பா தோட்டங்களில் பம்ப்செட் மோட்டார் பார்க்கிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. மோட்டார் நின்றுபோச்சு என்று யார் கூப்பிட்டாலும் அவருடைய முதல் கேள்வி, “எத்தனை நிமிஷம் ஓடுச்சு?” என்பதுதான். சுவிட்ச் போட்டதும் நின்றால் ஃபியூஸைப் பார்ப்பார். கால் மணி நேரம் ஓடி நின்றால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் சூடாகிறதா என்று பார்ப்பார். அஞ்சல் இணைப்புக்கும் இதே கேள்விதான் சரியான கேள்வி.

இணைப்பு என்பது என்ன?

மட் நிரல் சர்வரிடம் பேசும் முறைக்கு ஐமேப் என்று பெயர். 1986-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. இது போனை வைக்காமல் காதிலேயே வைத்திருப்பது போன்றது. நமக்கும் சர்வருக்கும் நடுவே ரவுட்டரும் இணையம் கொடுக்கும் நிறுவனமும் இருக்கின்றன. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ரவுட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தால் அந்த வரியை அழித்துவிடும். இது நமக்கும் தெரியாது, சர்வருக்கும் தெரியாது. திரையில் பழைய கடிதப் பட்டியல் அப்படியே நிற்கும்.

ஆபத்து இங்கேதான். கட் ஆனது தெரிந்தால் மறுபடி இணைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் “புதுக் கடிதம் ஒன்றும் இல்லை” என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் வீட்டில் முதல் மின்னஞ்சல் முகவரி என்னுடையதுதான். நாளைக்கு இன்டர்வியூ என்று ஒரு கம்பெனி கடிதம் போட்டால், அதைப் பார்த்துச் சொல்ல வீட்டில் வேறு ஆள் கிடையாது. நம்மில் பலருக்கும் இதே நிலைதான்.

நேரம் சொல்லும் காரணம்

1. உள்ளே நுழையும்போதே கட் ஆகிறது: பாஸ்வேர்டு, போர்ட் எண், இணைப்புகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பாருங்கள். மறையாக்கத்தோடு இணைவதற்கான ஐமேப் போர்ட் 993. ஜிமெயில் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் வெறும் பாஸ்வேர்டு செல்லாது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து, ‘ஆப் பாஸ்வேர்டு’ தனியாக வாங்க வேண்டும். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புதான் தரும். டவ்காட் என்ற சர்வர் மென்பொருளில், மாற்றாமல் விட்டிருந்தால், ஒரு பயனருக்கு ஒரு ஐ.பி. முகவரியிலிருந்து 10 இணைப்பு. ஒரே கணக்கை போன், லேப்டாப், லேப் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் திறந்து வைத்தால் இந்தக் கணக்கு சீக்கிரம் நிரம்பிவிடும்.

2. சில நிமிஷம் சும்மா இருந்தால் கட் ஆகிறது: பெரும்பாலும் நடுவில் உள்ள ரவுட்டர் அல்லது மொபைல் நெட்வொர்க்தான் காரணம். 2008-ல் வந்த இணைய விதிப்படி, பேச்சு இல்லாத இணைப்பையும் குறைந்தது 2 மணி 4 நிமிஷம் வைத்திருக்க வேண்டும். ஆனால் பல கருவிகள் இதை மதிப்பதில்லை. லினக்ஸ் தானாக “இருக்கியா?” என்று கேட்பதும் 2 மணி நேரம் கழித்துத்தான். அதற்குள் காரியம் கெட்டுவிடும். மட் நிரலில் இதற்கு ‘ஐமேப் கீப்அலைவ்’ என்ற அமைப்பு உண்டு. வழக்கமாக 300 விநாடி இருக்கும். அதை 120 ஆக்குங்கள், போதாவிட்டால் 60. ஆல்பைனில் ‘மெயில் செக் இன்டர்வல்’ வழக்கமாக 150 விநாடி. அதைக் குறைக்கலாம், ஆனால் பூஜ்யம் ஆக்கக் கூடாது. பூஜ்யம் என்றால் தானாகப் பார்க்கவே பார்க்காது.

இன்னொன்று. கண்ட்ரோலும் இஸட்டும் சேர்த்து அழுத்தி மட் நிரலை நிறுத்தி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால், அது தூங்கிவிடும். கீப்அலைவும் நடக்காது.

3. அரை மணியில் கட் ஆகிறது: இது சர்வரின் கடிகாரம். 2003-ம் ஆண்டு ஐமேப் விதிப்படி, சும்மா இருப்பவரை வெளியேற்றச் சர்வர் குறைந்தது 30 நிமிஷம் பொறுக்க வேண்டும். இதற்கும் கீப்அலைவ்தான் மருந்து.

4. ஒரு மணி நேரத்தில் கட் ஆகிறது: ஓஆத் முறையில் ஜிமெயிலுக்குள் போனால், அனுமதிச் சீட்டின் ஆயுள் வழக்கமாக ஒரு மணி நேரம். அது முடிந்தால் இணைப்பும் முடியும். இது பழுது இல்லை. புதுச் சீட்டு வாங்கி மறுபடி இணைய வேண்டியதுதான்.

5. கணக்கே இல்லாமல் கண்டபடி கட் ஆகிறது: வைஃபை சிக்னல், கேபிள், பிளக் இவற்றைப் பாருங்கள். முதலில் ரவுட்டருக்கு பிங் கொடுங்கள், பிறகு வெளியே கொடுங்கள். எது வரை பதில் வருகிறதோ அது வரை நல்லது.

சாட்சி எங்கே?

நேரத்தை வைத்துச் சந்தேகப்பட்டால் மட்டும் போதாது, சாட்சி வேண்டும். மட் நிரலைத் தொடங்கும்போது ‘மைனஸ் டி 2’ என்று சேர்த்துக் கொடுத்தால், நடந்ததையெல்லாம் நம் ஹோம் கோப்புறையில் ஒரு கோப்பில் எழுதும் (டீபக் வசதியோடு தயாரான மட் என்றால்). அதன் கடைசி வரிகளில் சர்வர் ‘பை’ என்று சொல்லிக் காரணமும் கூறியிருந்தால், வெளியேற்றியது சர்வர். ஒரு வார்த்தையும் சொல்லாமல் அறுந்திருந்தால், நடுவழியைச் சந்தேகப்படுங்கள். பார்த்து முடித்ததும் கோப்பை அழித்துவிடுங்கள். பொதுக் கம்ப்யூட்டரில் நம் கடித விஷயம் கிடக்கக் கூடாது.

அடுத்து, அதே கம்ப்யூட்டரை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே நிற்கிறது, லேப் நெட்டில் நிற்கவில்லை என்றால், குற்றவாளி லேப் நெட். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

அனுப்பும் கடிதம் என்னாகும்?

கடிதம் அனுப்புவது எஸ்.எம்.டி.பி. என்ற வேறு வழியில். ஐமேப் அறுந்தாலும் அது போகும். இன்றைய மட் முதலில் கடிதத்தை அனுப்பிவிட்டு, பிறகுதான் நகலைச் சேமிக்கிறது. அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்திருந்தால், நகல் சேரவில்லை என்று பிழை காட்டும். கடிதமே போகவில்லை என்று நினைத்து ஒரே விண்ணப்பத்தை இரண்டு முறை அனுப்பிவிடாதீர்கள். நகலையும் எழுதி முடிக்காத கடிதத்தையும் சர்வரில் வைக்காமல், சொந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கிலேயே வைக்கும்படி ‘ரெக்கார்டு’, ‘போஸ்ட்போன்டு’ என்ற இரண்டு அமைப்புகளையும் மாற்றிக்கொள்ளுங்கள். லேப் கம்ப்யூட்டர் என்றால் உங்கள் சொந்த லாகின் கோப்புறையில் வையுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: இணைத்த நேரம், அறுந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை. ஐந்து தடவை எழுதினாலே பெரும்பாலும் காரணம் புலப்பட்டுவிடும். லேப் பொறுப்பாளரிடம் “நெட் சரியில்லை சார்” என்று சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். “சார், சும்மா இருந்தா அஞ்சஞ்சு நிமிஷத்துல அறுந்து போகுது, ஹாட்ஸ்பாட்ல அறுக்கல” என்று நோட்டைக் காட்டினால், ரவுட்டரைத் திறந்து பார்ப்பார்.