உப்பளப் பெண்களும் மழைக்காலச் சேமிப்பும்

தூத்துக்குடிக் கடற்கரை என்றால் முத்துக்குளிப்பையே பலரும் நினைப்பர். அது ஆடவர் தொழில். அதுவும் 1961ஆம் வருஷத்துக் குளிப்போடு நின்றுபோயிற்று. இக்கரையில் பெண்மக்கள் திரளாகக் கூலிக்கு உழைக்கும் இடம் உப்பளமே. பாத்தியில் விளைந்த உப்பைத் தலைச்சுமையாய்ச் சுமந்து குவிப்போர் பெரும்பாலும் பெண்கள். விடியுமுன் தொடங்கும் வேலை; காலில் புண்ணும் கண்ணில் எரிச்சலும் கூலியோடு சேர்ந்து கிடைப்பவை.

இவ்வேலை தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரையில்தான். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும். ஏறக்குறைய மூன்று மாதம் கூலியில்லை. அப்பொழுது வாங்கும் முன்பணமும் வட்டிக்கடனும் அடுத்த பருவத்துக் கூலியை முன்னதாகவே தின்றுவிடுகின்றன. அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது, இக்கடன் பெண்குழந்தையின் படிப்பையும் தொடுகிறது என்பதே. தன் மகளும் உப்புச் சுமக்கட்டும் என்று விரும்பும் தாய் அரிது. தூத்துக்குடியிலேயே பெண்களுக்கென்று தூய மரியன்னை கல்லூரி 1948இல் ஏற்பட்டது. சர்க்கார் பள்ளியில் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அவரவர் பாங்கிக் கணக்கில் சேரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் அளிக்கும் ஏற்பாடும் அவ்வருஷமே வந்தது. ஆனால் மூன்று மாதத்துக்கு அது போதாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஐப்பசியில் 5,000 ரூபாயை, நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் ஒருத்தி வாங்கினாளென்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதத்தில் வட்டி மட்டும் 2,250 ரூபாய். அவளே வேலையுள்ள எட்டு மாதமும், மாதம் 20 நாள், நாளுக்கு 20 ரூபாய் சங்கத்தில் கட்டி வந்தால் 3,200 ரூபாய் சேரும். நிவாரணத்தோடு 8,200 ரூபாய், கடன் வேண்டுவதில்லை.

1904ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் நாணயச் சங்கங்கள் தோன்றியபொழுது, சொத்துக் குறைந்தோர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதே அவற்றின் உயிர்நாடி. நாளடைவில் நிலப்பத்திரம் கேட்பது வழக்கமாயிற்று. நிலமோ ஆடவர் பெயரில். ஹிந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கொத்த பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989இல்தான். அவ்வருஷமே தருமபுரி ஜில்லாவில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், சொத்து ஜாமீனின்றிப் பரஸ்பர நம்பிக்கையில் கடன் கொடுக்கலாமென்று காட்டின. நாம் முன்னமே செய்திருக்க வேண்டிய காரியத்தைப் பிறர் செய்தனர் என்பது என் அபிப்பிராயம்.

உப்பளப் பெண்களைச் சேர்க்க விரும்பும் சங்கத்தார் கூட்டத்தை மாலையில் வைப்பாராக; காலையில் வைத்தால் ஒரு நாள் கூலி போய்விடும். சேமிப்புப் புஸ்தகம் அவள் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவன் கேட்டான் என்று பணம் கொடுத்தனுப்பலாகாது. கைநாட்டு வைப்பவளாயின் தொகையை உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே வாங்குக. படிக்கும் மகள் இருந்தால் அவளையும் உடன் அழைத்து வரச் சொல்லி, பதிந்த தொகையை அவளே தாய்க்கு வாசித்துச் சொல்லும்படி செய்யலாம். கூலி கொடுக்கும் நாளிலேயே வசூல் நடக்கட்டும். மறுநாளைக்குத் தள்ளினால் பாதி வராது.