கடலில் இடம் அறிதல்

பெங்களூரு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். அங்கே அலையோசை கேட்பதில்லை. ஆயினும் குமரிக் கடலில் துடுப்பு வலிக்கும் மீனவர்க்கும் இந்நகரத்துக்கும் தொடர்பு உண்டு.

இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்வது கட்டுமரம். மேலே ஏறும் அலைநீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடுவதால் அது நீர் நிரம்பி மூழ்குவதில்லை. ‘கட்டமரான்’ என்னும் ஆங்கிலச் சொல் இதிலிருந்து பிறந்ததே.

கடலடிப் பாறைத்திட்டை மீனவர் ‘பார்’ என்பர். பாரைச் சுற்றி மீன்கள் கூடும். ஆனால் பார் நீருக்கு மேலே தெரியாது. நாற்புறமும் நீராக இருக்கும் பரப்பில் அதனை மறுநாளும் கண்டடைவது எவ்வாறு?

மீனவர் கரையைத் திரும்பிப் பார்ப்பர். தேவாலயக் கோபுரம் ஒன்றும், அதன் பின்னே தொலைவில் நிற்கும் மலைமுகடு ஒன்றும் ஒரே நேர்க்கோட்டில் வருமாறு மரத்தைச் செலுத்துவர். அக்கோட்டில் எங்கோ ஓரிடத்தில் பார் உள்ளது. எங்கே என்று அறிய, வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் வேண்டும். அவையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேருமிடத்தில் இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும். அங்கே ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தை அளப்பர். அடியில் இருப்பது பாறையா சேறா என்பதைக் கை உணர்ந்துவிடும். மூடுபனி நாளில் மட்டும் இம்முறை கைகொடாது, மலையே தெரியாதே!

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1999-இல் ஓஷன்சாட் செயற்கைக்கோளை ஏவியது. அவ்வரிசைக் கோள்கள் கடலின் நிறத்தை அளக்கின்றன. பச்சையம் மிகுந்த நீரில் நுண்ணிய மிதவை உயிர்கள் பெருகும். அவற்றைத் தேடிச் சிறுமீனும், சிறுமீனைத் தேடிப் பெருமீனும் வரும். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் இவ்விவரத்தோடு நீரின் வெப்பநிலையையும் ஆராய்ந்து, மீன் கூடத்தக்க இடத்தின் திசை, தொலைவு, ஆழம் ஆகியவற்றைக் கரையோர ஊர்களுக்கு அறிவிக்கிறது.

எனினும் அக்கோள்கள் காண்பது மேற்பரப்பை மட்டுமே. முகில் மூடினால் அதுவும் மறையும். பாரை அவை காட்டுவதில்லை. பாரின் இடத்தை இன்று பலர் ஜி.பி.எஸ். கருவியில் பதிந்து வைக்கின்றனர். மின்கலம் தீர்ந்த கருவியோடு நடுக்கடலில் இருப்பவர்க்குக் கோபுரமும் மலையுமே வழி. அவ்வடையாளங்களோ பெரும்பாலும் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன.

சொற்பொருள்: முகடு – உச்சி, முகில் – மேகம், பச்சையம் – இலைகளுக்குப் பசுமை தரும் பொருள்.

பயிற்சி
1. பாரின் இடத்தை அறிய ஒரே கோடு போதாதது ஏன்? படம் வரைந்து விளக்குக.
2. பள்ளி மைதானத்தில் ஓரிடத்தில் நின்று, இரு திசைகளில் இரண்டிரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்க. அவற்றைக் கேட்டு உம் நண்பர் அவ்விடத்தைக் கண்டறிகிறாரா?
3. ஊரில் உள்ள தாத்தாவிடமோ பாட்டியிடமோ, அவர்கள் அடையாளம் வைத்து அறிந்த ஓரிடத்தைப் பற்றிக் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.