முகக்குறிப்பும் செவித்திறன் குறைந்த வளரிளம் பருவத்தினரும்

காது கேளாதோருக்குக் கண் கூர்மை மிகுதி. பிறர் முகத்தை அவர்கள் எளிதில் படித்துவிடுவர் என நம்மில் பலர் எண்ணுகிறோம். இஃது ஓரளவே உண்மை. மகிழ்ச்சி, துயரம், சினம் ஆகியவை தெளிவாகத் தோன்றும் படங்களைக் காட்டினால் செவித்திறன் குறைந்த வளரிளம் பருவத்தினர் பெரும்பாலும் சரியாகவே இனங்காண்கின்றனர். உதட்டில் புன்னகையும் உள்ளத்தில் எரிச்சலும் கொண்ட முகத்தை அறிவதே கடினம். அங்கே நமக்குக் குரல் துணை செய்கிறது. அவர்களுக்கு அத்துணை போதுமான அளவு கிட்டுவதில்லை. காக்ளியர் கருவியும் சொற்களை உணர்த்தும் அளவுக்குக் குரலின் ஏற்ற இறக்கத்தை உணர்த்துவதில்லை.

ஆயினும் காரணம் செவியோடு முடிவதன்று. செவித்திறனுள்ள குழந்தை, அடுத்த அறையில் நிகழும் சச்சரவைத் தானே கேட்டுவிடுகிறது, "அப்பா ஏன் கோபமாக இருக்கிறார்?" என வினவி விடையும் பெறுகிறது. முகத்தோடு அதன் காரணமும் அதற்குக் கிடைக்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். சைகை மொழி அறியாத அவ்வீடுகளில் அவர்கள் காண்பவை காரணம் கூறப்படாத முகங்களே. பிறர் மனத்தை அறியும் திறன் குறித்து 1999இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பீட்டர்சன், சீகல் இருவரும் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. சைகை மொழியைப் பிறந்தது முதல் வீட்டிலேயே பெற்ற குழந்தைகள், கேட்கும் குழந்தைகளுக்குப் பின்தங்கவில்லை என்பதே அதன் முடிவு. எனவே குறை காதில் மட்டுமன்று, உரையாடலிலும் உள்ளது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் செவித்திறன் குறைந்தோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் நடைபெறுகிறது. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015இல் புதுதில்லியில் நிறுவப்பட்டது. 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியையும் வெளியிட்டது. கருவிக்குச் செலவிட்ட தொகையைக் கணக்கிடுதல் எளிது. தாய்க்குச் சைகை மொழி கற்பித்ததன் பயனைக் கணக்கிடுதல் அரிது. கணக்கில் எளிதில் அடங்காதவற்றுக்கு நிதி ஒதுக்க நாங்கள் தயங்குவது பழைய வழக்கம். ஆனால் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தொழிற்கூடத்தில் சேரும்போது, மேற்பார்வையாளர் முகம் சுளித்தது தன் பிழைக்காகவா, இயந்திரத்தின் பழுதுக்காகவா என்று அறிய வேண்டியவனாகிறான். அவ்வறிவுக்கான பயிற்சி மூன்று வயதில், வீட்டில் தொடங்கியிருக்க வேண்டும். கருவி வழங்கும் நாளிலேயே பெற்றோரையும் சைகை மொழி வகுப்பில் சேர்ப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு, கருவியின் விலையை நோக்கச் சிறிதே.