யுபிஎஸ் தாங்குமா? சுமை கொடுத்துப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கூடவே ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கி விடுகிறார்கள். அதில் பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் கரண்ட் போனால் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை அந்த விளக்கு சொல்லாது. ஃபைலை சேவ் செய்யும் நேரத்தில் யுபிஎஸ் கைவிட்டால் ஃபைல் கெட்டுப் போகலாம். எனவே சுமை கொடுத்துச் சோதிப்பதே சரியான வழி.

லோட் பேங்க் என்றால் என்ன?

நான் ஆம்பூரில் வளர்ந்தவன். 2012-ல், நான் பள்ளியில் படித்தபோது, சென்னைக்கு வெளியே பல ஊர்களில் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. தோல் தொழிற்சாலையில் சாயமிடும் டிரம் பாதியில் நின்றால் சாயம் திட்டுத் திட்டாக ஏறிவிடும். அதனால் அங்கே டீசல் ஜெனரேட்டர் கட்டாயம்.

ஜெனரேட்டரைச் சும்மா ஓட்டிப் பார்த்தால் போதாது. குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் சரியாக எரியாத டீசல் புகைக் குழாயில் படியும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 110 விதி, அவசர கால ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை குறைந்தது 30 சதவீத சுமையில் 30 நிமிடம் ஓட்டச் சொல்கிறது. இப்படிச் சுமை தரும் கருவிதான் லோட் பேங்க். இரும்புப் பெட்டி, உள்ளே வரிசையாக ஹீட்டர் கம்பிகள், ஒரு ஃபேன், சில சுவிட்சுகள். மின்சாரத்தை வெப்பமாக்கி வெளியே தள்ளும். அவ்வளவுதான்!

அதையும் பரிசோதிக்க வேண்டும்

சோதிக்கும் கருவியே பழுதானால் முடிவை நம்ப முடியாது. மின் இணைப்பை முழுதும் துண்டித்து, ஆறிய பிறகு மெக்கானிக் பார்ப்பவை இவை:

1. காற்று வரும் வழியிலும் ஃபேனிலும் தூசி.
2. தொய்ந்த கம்பி, விரிசல் விட்ட பீங்கான்.
3. லூசான நட்டு, கறுத்த முனைகள். எங்கள் பகுதியில் இதில் தனிக் கவனம் தேவை. தோலின் முடியை நீக்க சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பை அரித்துக் கறுக்க வைக்கும். கம்ப்யூட்டரின் செம்பு இணைப்புகளுக்கும் இதே ஆபத்து உண்டு.
4. ஒவ்வொரு கம்பியின் ஓம் அளவு. 230 வோல்ட்டில் 1000 வாட் எடுக்கும் கம்பிக்குச் சுமார் 53 ஓம் வர வேண்டும். அளவே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது.

சோதனை முடிந்ததும் சுமையை நிறுத்திவிட்டு, ஃபேனை மட்டும் சில நிமிடம் ஓடவிட வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம்

மரப்பலகையில் இரண்டு ஹோல்டர், இரண்டு 100 வாட் குண்டு பல்பு. இதுவே உங்கள் லோட் பேங்க்! எல்இடி பல்பு உதவாது; அது எடுப்பது மிகக் குறைவு. வயரிங் வேலையை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஹோல்டர் உருகியிருக்கிறதா, வயர் வெடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

* யுபிஎஸ்ஸை எட்டு மணி நேரம் சார்ஜ் செய்யவும்.
* கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றவும்.
* பல்புகளை யுபிஎஸ்ஸில் மாட்டி எரிய விடவும்.
* சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கவும். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். எர்த் இணைப்பு அப்படியே இருக்கட்டும்.
* பீப் ஒலி வேகமானதும் நிறுத்தி, ஓடிய நிமிடங்களை நோட்டில் எழுதவும்.
* உடனே மறுபடி சார்ஜ் போடவும். காலியாகவே விட்டால் பேட்டரி கெடும்.

600 விஏ யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கும். கணக்குப்படி 84 வாட்-ஹவர். 200 வாட் சுமைக்கு 25 நிமிடம் வர வேண்டும். நடைமுறையில் பாதிகூடக் கிடைக்காது. வேகமாகக் காலியாகும் பேட்டரி முழுத் திறனைத் தருவதில்லை. யுபிஎஸ்ஸும் கொஞ்சம் தின்றுவிடும். ஆகவே பேட்டரி புதிதாக இருக்கும்போதே சோதித்து, வந்த நிமிடத்தைக் குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். நேரம் பாதியாகக் குறைந்தால் பேட்டரியை மாற்றுங்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் போன்ற ஊர்களில் பேட்டரி சீக்கிரம் தளரும். அதனால் கோடை தொடங்கும் முன் ஒரு சோதனையைத் தவற விடாதீர்கள்.