கொடையா, கடனா? காலநிலைப் பணத்தின் கணக்கு

ஆண்டு முடியும் தறுவாயில் ஏதாவது ஒரு நாட்டில் ஐ.நா. காலநிலை மாநாடு கூடுகிறது. இரண்டு வாரம் தலைப்புச் செய்திகளில் கோடிகள் புரளும். அதற்குப் பிறகு டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை இரண்டே கட்சிகள்தான். “பணக்கார நாடுகள் கொட்டிக் கொடுக்கின்றன, வாங்குகிறவர்கள்தான் வீணடிக்கிறார்கள்” என்பது ஒரு கட்சி. “ஒரு காசு வரவில்லை, எல்லாம் நாடகம்” என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் எவ்வளவு என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். எந்த வகைப் பணம், யார் திருப்பிக் கட்டுவது என்று கேட்டால் இருவருமே திணறவேண்டியிருக்கும்.

நம்பிக்கை: பணக்கார நாடுகள் ஆண்டுதோறும் பத்தாயிரம் கோடி டாலரை ஏழை நாடுகளுக்கு வாரி வழங்குகின்றன.

இந்தத் தொகை 2009 கோபன்ஹேகன் மாநாட்டில் பிறந்தது. 2020 வாக்கில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் வாக்குக் கொடுத்தன. கொடுத்த அன்றே அரசுப் பணம், தனியார் முதலீடு, வளர்ச்சி வங்கிகளின் கடன் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வழி வைத்துக்கொண்டார்கள். நன்கொடை என்று எவரும் எழுதித் தரவில்லை.

கணக்கு வைப்பது ஓஇசிடி, அதாவது பெரும்பாலும் கொடுக்கும் தரப்பு நாடுகளின் சங்கம். அது போட்ட கணக்குப்படியே 2020இல் தேறியது 8,330 கோடி டாலர்தான். இலக்கைத் தாண்டியது 2022இல்: 11,590 கோடி. இரண்டு ஆண்டு தாமதம். இதில் அரசுகளும் அவற்றுக்குச் சொந்தமான வளர்ச்சி வங்கிகளும் தந்தது 9,160 கோடி. அந்தப் பணத்திலும் ஏறத்தாழ 69 விழுக்காடு கடன். மானியம் 28 விழுக்காடுதான்.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போகவேண்டாம். வடசென்னையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் மழைநீர் வடிகால் அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் தர முன்வந்தது. காலநிலை மாற்றத்தைத் தாங்கும் வெள்ளத் தடுப்பு என்ற பெயரில்தான் திட்டமே தொடங்கியது. பணமோ வட்டியோடு திருப்பவேண்டிய கடன். வளர்ச்சி வங்கிகள் கொடுக்கும் இத்தகைய கடன்களில், பணக்கார நாடுகளின் பங்குக்கு ஏற்ற பகுதி அந்தப் பத்தாயிரம் கோடிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. கல்யாண வீட்டு மொய்யும் திருப்பிச் செய்யவேண்டியதுதான். ஆனால் மொய் நோட்டில் வட்டி எழுதும் வழக்கம் இல்லை.

கடனை முகமதிப்பில் எழுதாமல், வாங்கிய நாட்டுக்கு உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, காலநிலையோடு தொடர்பில்லாத பகுதியையும் கழித்துவிட்டு ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஒரு மதிப்பீடு செய்தது. 2022ஆம் ஆண்டுக்கு அது சொன்ன தொகை 2,800 முதல் 3,500 கோடி டாலர். தலைப்புச் செய்தியில் வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கடனே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. சூரிய மின்நிலையமும் காற்றாலையும் மின்சாரம் விற்றுக் காசு பார்க்கும். நகர ரயில் டிக்கெட் விற்கும். அவற்றுக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கிடைத்தால் அது நல்ல உதவிதான். வடிகால் எதை விற்கும்? கடற்கரைச் சுவருக்கு யார் கட்டணம் கட்டுவார்கள்? வருமானமே தராத வேலைக்கு வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதையும் மானியத்தையும் ஒரே பத்தியில் கூட்டுவதைத்தான் ஏற்கமுடியவில்லை.

நம்பிக்கை: கணக்கில் வந்ததெல்லாம் காலநிலைக்குத்தான் போனது.

2023இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இந்தக் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்தது. ஆசியாவில் சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகள் திறக்க இத்தாலி கொடுத்த பணம் அதில் இருந்தது. ஹைட்டியில் கடலோர விடுதி ஒன்றின் விரிவாக்கத்துக்கு அமெரிக்கா தந்த கடன் இருந்தது. அர்ஜென்டினா மழைக்காட்டில் நடக்கும் காதல் படத்துக்கு பெல்ஜியம் தந்த உதவி இருந்தது. உச்சமாக, வங்கதேசத்தில் புதிய அனல்மின் நிலையத்துக்கு ஜப்பான் கொடுத்த பணமும் காலநிலை நிதியாகவே பதிவாகியிருந்தது. நிலக்கரியையும் எரித்துக்கொண்டு நற்பெயரும் வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம்!

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. எது காலநிலை நிதி என்பதற்கு எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட வரையறை இன்றுவரை கிடையாது. கொடுக்கிற நாடு சொல்வதே கணக்கு.

நம்பிக்கை: கரிப்புகையைக் குறைப்பதுதான் உலகப் பிரச்சினை, வெள்ளமும் புயலும் அந்தந்த நாட்டின் பாடு.

இப்படி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பணம் போகிற வழி சொல்கிறது. 2022இல் வந்த 11,590 கோடியில் தகவமைப்புக்கு, அதாவது மாறிவிட்ட வானிலையோடு வாழக் கற்றுக்கொள்வதற்குக் கிடைத்தது 3,240 கோடி டாலர்தான். காரணம் எளிது. வியட்நாமில் ஒரு டன் கரிப்புகை குறைந்தால் அதன் பலன் ஜெர்மனிக்கும் போகும். வங்கதேசத்தின் குல்னாவில் கட்டிய கரைமேடு குல்னாவை மட்டும்தான் காக்கும். தனியார் முதலீட்டாளருக்கு அதில் லாபமும் இல்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025 அறிக்கைப்படி, வளரும் நாடுகளின் தகவமைப்புத் தேவை 2035 வாக்கில் ஆண்டுக்கு 31,000 முதல் 36,500 கோடி டாலர் வரை ஆகும். 2023இல் வெளிநாட்டு அரசுப் பணமாகக் கிடைத்தது 2,600 கோடி. அதற்கு முந்தைய ஆண்டைவிடக் குறைவு. 2025க்குள் இரட்டிப்பாக்குவோம் என்று கிளாஸ்கோ மாநாட்டில் 2021இல் சொன்ன பிறகுதான் இந்த நிலை. 2025 நவம்பரில் பெலெம் மாநாட்டில் புதிய வாசகம்: 2035க்குள் மும்மடங்கு.

தகவமைப்பில் பணம் போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் வங்கதேசத்தைப் பார்க்கவேண்டும். 1970 நவம்பரில் போலா புயல் மூன்று முதல் ஐந்து லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. 1991 புயலில் இறந்தவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். 2007இல் சித்ர் வந்தபோது மூவாயிரத்துச் சொச்சம். 2020இல் ஆம்பன் புயலில் அந்நாட்டு உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. கடல் அமைதியாகிவிடவில்லை, மக்கள் முன்கூட்டியே கரையைவிட்டு நகர்ந்தார்கள். 1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். எச்சரிக்கைக் கொடி ஏற்றுவதும், ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவதும், வயதானவர்களைக் கைத்தாங்கலாகக் காப்பகத்துக்குக் கொண்டுசேர்ப்பதும் அவர்கள் வேலை. உலக வங்கிக் கடனும் வெளிநாட்டு மானியமும் கட்டிய காப்பகங்கள் பல. ஆட்கள் உள்ளூர், கான்கிரீட்டில் வெளிநாட்டுப் பங்கு. சர்வதேச ஒத்துழைப்பு வேலைசெய்த இடம் என்றால் என் கணக்கில் இதுதான் முதலிடம். இதைத் தொடங்கியபோது காலநிலை நிதி என்ற தலைப்பே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கையேந்தி நிற்கும் நாடு என்ற பேச்சும் இங்கேயே அடிபட்டுப்போகிறது. பணக்கார நாடுகளின் வாக்குறுதிக்குக் காத்திராமல் 2009இல் வங்கதேசம் சொந்த வரவுசெலவுத் திட்டத்தில் காலநிலை அறக்கட்டளை நிதி தொடங்கி, முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 700 கோடி டாக்கா ஒதுக்கியது. அந்த நிதியில் முறைகேடு நடந்ததாக டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் வங்கதேசக் கிளை புகார் சொன்னது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு நிதியில் ஓட்டை இருந்ததால் புயல் காப்பகங்கள் பொய்யாகிவிடாது.

இன்னொரு எடுத்துக்காட்டு மன்னார்ப் பக்கம் இருக்கிறது. தென்கொரியாவின் சோங்டோவில் இயங்கும் பசுமைக் காலநிலை நிதியம் 2016இல் இலங்கையின் வறண்ட வலயத்துக்கு 3.8 கோடி டாலர் மானியம் ஒதுக்கியது. அடுக்கடுக்காக ஒன்றின் உபரிநீர் அடுத்ததில் சேரும்படி முன்னோர் வெட்டிய சிறுகுளங்களைத் திருத்துவதும், சிற்றூர்களுக்குக் குடிநீர் தருவதும் வேலை. அனுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்றும் மன்னாரில் அருவியாறு என்றும் பெயர் பெறும் ஆற்றின் படுகை அதில் ஒன்று. வவுனியா, மன்னார் மாவட்டக் கமக்காரர்களும் பயனாளிகள். குளத்துக் கட்டு பலமாக இருந்தால் பெரும்போகத்து மழை சிறுபோகத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாமல் கைவிரித்ததை நினைத்துப் பாருங்கள். இதே குளங்கள் கடனில் திருத்தப்பட்டிருந்தால் அதுவும் அந்தச் சுமையில் ஏறியிருக்கும்.

நம்பிக்கை: வெளிநாட்டுப் பணம் வந்தால் அனல்மின் நிலையங்களைச் சுலபமாக மூடிவிடலாம்.

தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி அனல்மின் நிலையம் இருந்த ஊரைக் கேளுங்கள். அந்நாட்டின் நிலக்கரி மாற்றத்துக்கு 850 கோடி டாலர் திரட்டுவதாக கிளாஸ்கோவில் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தன. அதில் மானியம் சொற்பம். 2022 அக்டோபரில் கோமாட்டி நிலையம் நின்றது. அதைச் சூரிய, காற்று மின்சாரத்துக்கு மாற்ற உலக வங்கி தந்த 49.7 கோடி டாலரிலும் நேரடி மானியம் ஒரு கோடிதான். அடுப்பு அணைந்த வேகத்தில் புதிய வேலைகள் வரவில்லை. ஒப்பந்தத் தொழிலாளரும் நிலையத்தை நம்பிக் கடை வைத்தவர்களும் தவித்தார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்கா அந்தக் கூட்டிலிருந்தே விலகிக்கொண்டது. கொதிகலனை நிறுத்த ஒரு நாள் போதும், ஒரு ஊரின் பிழைப்பை மாற்றப் பத்தாண்டும் போதாது.

நம்பிக்கை: பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இல்லை. வனுவாட்டு என்ற பசிபிக் தீவு நாடு 1991இல் எழுப்பிய கோரிக்கை, 2022இல் ஷார்ம் எல்-ஷேக் மாநாட்டில்தான் இழப்பு-சேத நிதியாக உருவெடுத்தது. வங்கதேச அறிஞர் சலீமுல் ஹக் போன்றோர் விடாமல் கேட்டதன் பலன் அது. ஆனால் 2015 பாரிஸ் தீர்மானத்தில், இழப்பு-சேதம் பற்றிய பிரிவு சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்று தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். வருவது விருப்பத்தின் பேரில் தரும் பணம். 2025 வாக்கில் வாக்களிக்கப்பட்டிருந்தது ஏறத்தாழ எண்பது கோடி டாலர். 2022இல் பாகிஸ்தான் வெள்ளம் ஒன்று மட்டும் விளைத்த சேதமும் இழப்பும் 3,000 கோடி டாலர்! 2023 ஜனவரியில் ஜெனீவாவில் அந்நாட்டுக்கு 900 கோடிக்கு மேல் வாக்களித்தார்கள். அதிலும் பெரும்பகுதி கடன் என்று பாகிஸ்தான் நிதியமைச்சரே பிறகு சொன்னார். மழையை வரவழைத்த புகையில் அந்நாட்டின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலைக் கடமையை மீறும் அரசு இழப்பை ஈடுசெய்யவேண்டி வரலாம் என்று கருத்துரைத்தது. அது ஆலோசனைக் கருத்துதான். எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் வழக்கறிஞர்கள் கையில் இனி ஒரு காகிதம் இருக்கிறது.

நம்பிக்கை: சீனாவும் இந்தியாவும் எதுவும் தருவதில்லை.

யார் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்ற பட்டியல் 1992இல் எழுதியது. அதில் இவ்விரு நாடுகளும் இல்லை. வளைகுடாவின் பணக்கார நாடுகளும் சிங்கப்பூரும் இல்லை. பட்டியல் பழசாகிவிட்டது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் சீனா 2016 முதல் 17,700 கோடி யுவான் அளித்ததாகவோ திரட்டியதாகவோ சொல்கிறது. பிரான்சோடு சேர்ந்து சர்வதேச சூரியசக்திக் கூட்டணியை 2015இல் தொடங்கியது இந்தியா. கட்டாயம் இல்லாததால் இவர்கள் கணக்கைச் சரிபார்க்கவும் வழியில்லை. அந்தக் குறையைச் சுட்டிக்காட்டலாம்.

2024 நவம்பரில் பாகு மாநாட்டில் பழைய இலக்குக்குப் பதில் புதிய இலக்கு வந்தது: 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். சுத்தியல் தட்டிய கையோடு இந்தியப் பிரதிநிதி எழுந்து ஏற்கமாட்டோம் என்றார். அந்த ஆண்டிலேயே பணக்கார நாடுகளின் வளர்ச்சி உதவி மொத்தமாக 7.1 விழுக்காடு சரிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா தன் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டையே மூடியது. உதவி சுருங்க இலக்கு மும்மடங்கானால் இடைவெளியைக் கடனும் தனியார் பணமும்தான் நிரப்பும். பாகு தீர்மானத்தில் எவ்வளவு மானியமாக இருக்கவேண்டும் என்பதற்கு ஓர் எண்கூட இல்லை. அந்த எண்ணை எழுதிவாங்காவிட்டால் 2035இல் இலக்கை எட்டிவிட்டோம் என்ற அறிவிப்பும் கடன் தவணைச் சீட்டும் ஒன்றாகவே வந்துசேரும்.